சிறிய அணு உலை பக்கத்தில் வந்தால் ஸ்கேன் தாமதம் தீருமா?

ஐப்பசி மழையில் வண்டி மாட்டிக்கொண்டு, ஸ்கேன் ஊசிக்கான கதிரியக்க மருந்தைத் தரும் 'ஜெனரேட்டர்' பெட்டி ஒரு நாள் பிந்தி வந்தால், அதிலுள்ள மாலிப்டினம்-99இல் 22 சதவீதம் சிதைந்திருக்கும். அதன் அரைஆயுள், அதாவது பாதியாகச் சிதையும் காலம், 66 மணி நேரம். அது சிதைந்து உண்டாகி, ஊசி மருந்துக்காக நாம் கறக்கும் டெக்னீசியம்-99எம் என்றால் வெறும் 6 மணி நேரம். எலும்பு ஸ்கேனுக்கு வேதாரண்யத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துத் திருச்சி வந்தவரை, "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று திருப்பி அனுப்புவது கொடுமை. அதனால்தான் "சின்ன உலை ஒன்றை இங்கேயே வைத்தால் என்ன?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. ஆனால் சிக்கல் உலைக்கு வெளியேதான் அதிகம்.

யுரேனியத்தைப் பிளந்து எடுத்தால் செறிவான மாலிப்டினம் கிடைக்கும். ஆனால் உலையில் வைத்தெடுத்த யுரேனிய இலக்குகளைத் தடித்த சுவருக்குள் எந்திரக் கையால் கரைத்துப் பிரிக்க வேண்டும். அயோடின்-131, செனான்-133 வாயுக்கள் வெளியேறாமல் பிடிக்க வேண்டும். இடத்தேர்வு, கட்டுமானம், இயக்கத் தொடக்கம், இயக்கம் என ஒவ்வொரு கட்டத்துக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும்.

யுரேனியம் வேண்டாமென்று மாலிப்டினத்தையே உலையில் வைக்கலாம். இயற்கை மாலிப்டினத்தில் 98 என்ற வகை 24 சதவீதம்தான். நியூட்ரான் குறைந்த சின்ன உலையில் அதிலும் துளிதான் 99 ஆகும்; மற்றதெல்லாம் சும்மா உலோகம். ஜெனரேட்டர் குழாயில் மாலிப்டினத்தைப் பிடித்துவைப்பது அலுமினாத் தூள்; அதன் வழியே சலைன் (உப்பு நீர்) விட்டு டெக்னீசியத்தைக் கழுவி எடுக்கிறோம். ஒரு கிராம் அலுமினா சுமார் 20 மில்லிகிராம் மாலிப்டினத்தைத்தான் பிடிக்கும். குழாயைப் பெரிதாக்கினால் சலைன் கூடி மருந்து நீர்த்துப்போகும். சிறிதாக வைத்தால் மாலிப்டினம் கசிந்து ஊசிக்குள் வந்துவிடும்.

அந்தக் கசிவுக்கு வரம்பு, ஒரு மில்லிகியூரி டெக்னீசியத்துக்கு 0.15 மைக்ரோகியூரி மாலிப்டினம் (கியூரி என்பது கதிரியக்க அளவு). காலை 8 மணிக்கு 0.09 இருந்தால் தேறிவிட்டது போலத் தெரியும். மதியம் 2 மணிக்கு டெக்னீசியம் பாதியாகிவிடும், மாலிப்டினம் அவ்வளவாகக் குறையாது; விகிதம் 0.17ஐத் தொடும். அந்த மருந்தைப் போடக் கூடாது. காலையில் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது தப்பு.

உலையிலும் கணக்கு தவறலாம். கனடாவின் சாக் ரிவரில் ஐசோடோப்புக்காகவே தலா 10 மெகாவாட்டில் 'மேப்பிள்' உலைகள் இரண்டு கட்டினார்கள். சக்தி கூடினால் வினை தானாகத் தணிய வேண்டும். சோதனையில் வினையும் கூடியது. காரணத்தை ஐயமறக் காட்ட முடியாமல் 2008 மே மாதம் கைவிட்டார்கள். அடுத்த மே மாதமே அங்கிருந்த பழைய என்.ஆர்.யு. உலையில் கனநீர் கசிந்து, 15 மாதம் நின்றது. உலகம் முழுக்கத் தட்டுப்பாடு.

ஆகவே இப்போது கையில் இருப்பது கால அட்டவணைதான். 20 மில்லிகியூரி கேட்கும் எலும்பு ஸ்கேனை ஜெனரேட்டர் புதிதாக இருக்கும் நாட்களில் வையுங்கள். 5 மில்லிகியூரிக்குள் முடியும் தைராய்டு ஸ்கேன் வாரக் கடைசியில் போதும். பார்சல் பிந்துகிறது என்று தெரிந்ததும், முந்தின நாள் சாயங்காலமே வேதாரண்யத்துக்கு ஒரு போன் போகட்டும்.