தாங்கியைத் தேய்க்காமல் குளோரின் போட்டு என்ன பயன்?

வவுனியா, ஓமந்தை, மாங்குளம் பக்கத்தில் கிணற்று நீர் ஏற்றும் ஒரு வீட்டுத் தாங்கியின் மூடியைத் திறந்து, மோட்டர் தண்ணீர் விழும் குழாயின் வாயைத் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் வெள்ளைப் பொருக்கு ஒன்று சொரசொரப்பாகக் கையில் தட்டுப்படும். உட்சுவரை நகத்தால் வழித்தால் வழுவழுப்பான படலம் நகத்தோடு வரும். இவை இரண்டும் உள்ளே இருக்க, குளோரின் தூளை அள்ளிப் போடுவது காசைக் கரைக்கிற வேலை.

வன்னியில் பல கிணறுகளின் நீர் வன்மை கூடியது. அதாவது கல்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம். நிலத்துக்கடியில் காபனீரொட்சைட்டு கரைந்திருப்பதால் கல்சியம் இருகாபனேற்றாகக் கரைந்தே கிடக்கிறது. மோட்டர் அந்த நீரை மேலேற்றித் தாங்கிக்குள் கொட்டும்போது வாயு வெளியேறிவிடுகிறது. கறுப்புத் தாங்கி வெயிலில் சுட, மிச்ச வாயுவும் போகிறது. கரைந்திருந்தது கரையாத கல்சியம் காபனேற்றாக மாறிப் படிகிறது. கேத்தலின் அடியில் படிவதும் இதே பொருள்தான்.

வழுவழுப்புப் படலத்தின் கதை வேறு. வெளிச்செல்லும் குழாய் தாங்கியின் அடியிலிருந்து சற்று உயரத்தில்தான் பொருத்தப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தங்கும் செம்மண் வண்டல் தானாக வெளியேறாது. பற்றீரியாக்கள் பொருக்கிலும் சுவரிலும் ஒட்டி, பசைபோன்ற ஒன்றைச் சுரந்து அதற்குள் குடியிருக்கும். குளோரின் கிருமியை மட்டும் தேடிப் போய்க் கொல்வதில்லை. மண்ணிலுள்ள அழுகிய பொருள், இரும்பு, பசை என எதிர்ப்படும் எல்லாவற்றோடும் தாக்கமடைந்து செலவாகிவிடும். படலத்தின் மேற்பரப்பிலேயே அது தீர்ந்துபோக, அடியில் இருப்பவை தப்பிவிடும். வெதுவெதுப்பும் அவற்றுக்குச் சாதகம். குளிக்கும் சவரின் தூறலோடு நுரையீரலுக்குள் போகக்கூடிய லெஜியோனெல்லா என்ற பற்றீரியா 25 முதல் 45 பாகை செல்சியஸில் நன்றாகப் பெருகும்.

ஆகவே முதலில் தேய்ப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். மாரி முடிந்து கிணறு தெளிந்த மாசியில் ஒன்று, கச்சான் காற்றுப் புழுதி ஓய்ந்த புரட்டாதியில் ஒன்று. புரட்டாதியில் கிணறு வற்றியிருக்கும்; ஆயிரம் லீற்றரைத் திறந்துவிடுவது அநியாயம். முதல்நாளே மோட்டர் போடாமல் பாவித்து முடித்து, அடியில் கால்சாண் நீரோடு தொடங்குங்கள். வீட்டுக்குப் போகும் வால்வைப் பூட்டிவிட்டு, நீளமான தும்புத்தடியால் மேலிருந்து கீழாகத் தேய்த்து, தாங்கியின் அடியிலுள்ள கழிவுக்குழாய் வழியே கலங்கலை வெளியேற்றுங்கள். இரும்பு நார் வேண்டாம். அது போடும் கீறல்களில்தான் அடுத்த படலம் முதலில் பிடிக்கும். மிதவை வால்வு, சவர்த் தலை போன்றவற்றைக் கழற்றி வினாகிரியிலோ தேசிக்காய்ப் புளியிலோ இரவு முழுக்க ஊறவிட்டால் பொருக்கு இளகும். பிறகு நன்றாக அலசுங்கள். அமிலமும் குளோரின் தூளும் சந்தித்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். மலசலகூடம் கழுவும் திரவத்தைத் தாங்கிக்குள் ஊற்றவே கூடாது. தாங்கிக்குள் ஆளை, அதிலும் பிள்ளைகளை, இறக்க வேண்டாம்.

இனிக் கணக்கு. தொற்றுநீக்க லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். 1000 லீற்றருக்கு அது 50 கிராம். குளோரின் தூள் எனப்படும் வெளிற்றும் தூளில், அது புதிதாக இருந்தாலும், மூன்றிலொரு பங்குதான் குளோரின் என்பதால் தூள் 150 கிராம். 70 சதவீத வீரியத் தூளென்றால் 70 கிராமளவு. கட்டிபட்டு, மணம் குறைந்த பழைய தூளை நம்பாதீர்கள்; ஈரமும் சூடும் அதன் வலுவைக் குறைத்திருக்கும். பிளாஸ்ரிக் வாளியில் நீரை எடுத்து அதற்குள் தூளைக் கரைத்து, சுண்ணாம்பு அடையும்வரை வைத்து, தெளிவை மட்டும் கால்வாசி நிரம்பிய தாங்கிக்குள் ஊற்றி, மிச்சத்தை நிரப்புங்கள். விழும் நீரே கலக்கிவிடும். ஆர்.ஓ. வடிகட்டி இருந்தால் அதற்குப் போகும் வழியை முன்கூட்டியே பூட்டுங்கள், அதன் மென்சவ்வைக் குளோரின் அரித்துவிடும். பின் வீட்டு வால்வைத் திறந்து, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் மணம் வரும்வரை ஓடவிட்டுப் பூட்டி, 24 மணிநேரம் பொறுங்கள். அவசரப்படக் கூடாது. நம் கிணற்று நீர் பல இடங்களில் காரத்தன்மை உடையது. அதில் குளோரினின் வலிய வடிவமான ஐப்போகுளோரசு அமிலம் குறைந்து, மந்தமான வடிவம் கூடும்: பி.எச். 7.5 இல் பாதிக்குப் பாதி, 8.5 இல் பத்திலொரு பங்குதான் அமிலம். பலம் குறைந்ததை நேரத்தால்தான் ஈடுசெய்ய வேண்டும்.

அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. கிணற்றடி, பயிர், மீன்தொட்டிப் பக்கம் விடாமல் வெறும் நிலத்தில் வடியவிட்டு, ஒருமுறை அலசி நிரப்புங்கள். குடிநீரில் மிஞ்சவேண்டிய குளோரின் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம். வன்மையையோ புளோரைட்டையோ குளோரின் குறைக்காது. அதை அதனிடம் எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

நிரப்பியபின் குழாய் சீறிச் சீறி நீர் வராமல் நின்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. முற்றத்தில் ஆகப் பதிவாக உள்ள குழாயை முதலில் திறந்துவிடுங்கள். மேலதிக நீர் வெளியேறும் குழாயின் வாய்க்கு நுளம்பு வலைத்துண்டு ஒன்றைக் கட்டிவிட்டே ஏணியால் இறங்குங்கள்.