கடைசி ஒரு சாண் மண்: ஃபெரெட் வேட்டைக்கு ஏற்ற ஸ்பேடு

பிரிட்டனில் அறுவடை முடிந்து, வேலியோரச் செடிகொடிகள் பட்டுப்போனதும் முயல் பிடிப்பவர்கள் ஃபெரெட்டுகளோடு வயலில் இறங்குகிறார்கள். ஏறக்குறைய அக்டோபரிலிருந்து மார்ச் வரை இந்த வேலை நடக்கும். ஃபெரெட் பார்வைக்குக் கீரியைப் போல நீண்டு மெலிந்திருக்கும். ஆனால் அது நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. போல்கேட் என்னும் ஐரோப்பியக் காட்டு விலங்கைப் பழக்கி வீட்டு விலங்காக்கியதில் வந்தது. முயல் வளைக்குள் அதை இறக்கிவிட்டால், உள்ளே இருக்கும் முயல் அரண்டு வெளியே பாய்ந்து, வாய்தோறும் விரித்திருக்கும் சுருக்குவலையில் விழும். ஸ்பெயின் பகுதியில் இதே முறை வழக்கில் இருந்ததைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ 2000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்.

இந்த முயல் நம் ஊர்க் காட்டு முயல் இல்லை. நம் முயல் புதரடியில் படுத்துறங்கும், வளை தோண்டாது. ஐரோப்பிய முயல், அதாவது குழிமுயல், கூட்டமாக வாழ்ந்து கிளைகிளையாகச் சுரங்கம் வெட்டுகிறது. சுரங்கத்தின் குறுக்களவு சுமார் 15 செ.மீ. கெட்டியான மண்ணில் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும். மணற்பாங்கான நிலத்தில் அதையும் தாண்டி இறங்கும்.

எல்லா முயலும் வெளியே ஓடிவிடாது. சில, வழியில்லாத முட்டுப்பொந்தில் முகத்தைத் திணித்துக்கொண்டு பின்புறத்தால் சுரங்கத்தையே அடைத்துவிடும். ஃபெரெட் அதைத் தாண்டவும் முடியாமல், விட்டுவரவும் மனமில்லாமல், முயலின் முதுகைப் பிறாண்டியபடி நிற்கும். வேறு சில நேரம் முயலைக் கொன்று, தின்று, அங்கேயே சுருண்டு தூங்கிவிடும். இப்படி அகப்பட்ட ஃபெரெட்டை மீட்கத்தான் தோண்டுகிறோம். ஆகவே வாங்கும் கருவி எவ்வளவு வேகமாக மண்ணை வாருகிறது என்பதைவிட, உயிருள்ள ஒரு பிராணிக்கு ஒரு சாண் மேலே எவ்வளவு அடக்கமாக வேலை செய்கிறது என்பதே முக்கியம்.

மண்வெட்டி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மம்பட்டி. அதை ஓங்கி வெட்டி இழுக்க வேண்டும். முழங்கால் ஆழத்துக்குக் கீழே குறுகிய குழியில் அதற்கு வீச இடமிருக்காது. அந்த ஊரில் பயன்படுவது ஸ்பேடு: தகடு காம்போடு ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில் இருக்கும், காலால் மிதித்து இறக்கி, நெம்பி, தூக்க வேண்டும். தோட்டத்து ஸ்பேடின் தகடு சுமார் 19 செ.மீ. அகலம். முயல் வேலைக்கு அது அதிகம். தகடு 25 முதல் 30 செ.மீ. நீளமும், மேலே 12 முதல் 15 செ.மீ. அகலமும், நுனியில் 10 அல்லது 11 செ.மீ. ஆகக் குறுகியும் இருந்தால் போதும்.

இந்தச் சில சென்டிமீட்டர் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். 90 செ.மீ. ஆழத்தில் ஃபெரெட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அகலத் தகட்டால் வசதியாக வேலை செய்ய 60க்கு 60 செ.மீ. குழி வேண்டும். ஒரு கன மீட்டர் ஈர மண் சுமார் ஒன்றரை டன் என்று கொண்டால், வெளியே எடுக்க வேண்டிய மண் ஏறக்குறைய 485 கிலோ. குறுந்தகட்டுக்கு 40க்கு 45 செ.மீ. குழி போதும், மண் 243 கிலோதான். உழைப்பு பாதியாகிறது. ஒரே நாளில் மூன்று குழி தோண்ட நேர்ந்தால் இந்த வித்தியாசத்தை இடுப்பு சொல்லும்.

தகட்டுக்கும் காம்புக்கும் இடையிலான சாய்வையும் பார்க்க வேண்டும். தோட்டத்து ஸ்பேடில் தகடு சற்று முன்னோக்கி வளைந்திருக்கும். மேல்மண்ணைப் புரட்ட அது உதவும். ஆழமான குறுங்குழியில் காம்பைப் பின்னால் சாய்க்க இடம் கிடையாது, சாய்த்தால் குழியின் விளிம்பில் இடிக்கும். அதனால் சாய்வு மிகக் குறைவாக, கிட்டத்தட்ட நேராக இருப்பதே நல்லது.

எடுத்துச் செல்ல எளிது என்பதற்காக மடக்கும் ஸ்பேடை வாங்குகிறவர்கள் பலர். ராணுவப் பாணியில் மூன்றாக மடங்கி, பைக்குள் போகும். விரித்தால் 60 செ.மீ. இருக்கும். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்ட நல்ல கருவி, இந்த வேலைக்கு வேண்டாம். தகடு மண்ணில் முழுக்க இறங்கியபின் நெம்புவதற்கு மேலே மிஞ்சும் காம்பு சுமார் 35 செ.மீ. மட்டுமே. ஒரு மீட்டர் ஸ்பேடில் 75 செ.மீ. மிஞ்சும். ஒரே வேரைப் பெயர்க்கக் குட்டைக் கருவியில் இரண்டு மடங்குக்கும் மேல் பலம் போட வேண்டும். அந்தப் பலம் முழுவதும் ஒரே கீலின் வழியாகவும், அதை இறுக்கும் மரையிட்ட வளையத்தின் வழியாகவும் போகிறது. மரைக்குள் மணல் புகுந்தால் வளையம் கடைசிச் சுற்றுவரை இறுகாது. நாலைந்து மிதியில் தளர்ந்து தகடு ஆடத் தொடங்கும். ஆடும் தகடு எங்கே போய் நிற்கும் என்று கைக்குத் தெரியாது. ஃபெரெட்டுக்கு மேலே நின்று தோண்டும்போது அந்த நிச்சயமின்மையை ஏற்கவே முடியாது.

இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் ஸ்பேடுகள் இதைவிட மேல். ஆனால் ஒரு துண்டு மற்றதற்குள் எவ்வளவு நீளம் நுழைகிறது என்று அளந்து பார்த்தே வாங்குங்கள். கைப்பிடியில் 20 கிலோ அழுத்தம், அங்கிருந்து தகட்டை ஒட்டிய இணைப்புவரை 75 செ.மீ. என்றால், நுழைவு 5 செ.மீ. மட்டுமே இருக்கும் குழாயின் விளிம்பில் விழும் தாக்கம் 300 கிலோ. நுழைவு 15 செ.மீ. ஆனால் அது 100 கிலோவாகக் குறையும். குட்டை இணைப்புகள் சில மாதங்களில் முட்டை வடிவத்துக்கு நசுங்குவதன் காரணம் இதுதான்.

சுமப்பதற்கு உண்மையில் எளிதானது, மடங்காமல் ஒரே உடலாக, மொத்தம் 1 முதல் 1.1 மீட்டர் நீளத்தில், 2 கிலோவைச் சுற்றி எடையுள்ள ஸ்பேடு. தோளில் வார்போட்டு மாட்டலாம். ஈர வரப்பில் ஊன்றுகோலாகவும் உதவும். குழிக்குள் 90 செ.மீ. இறங்கினாலும் கைப்பிடி மேலேயே நிற்கும் என்பது இன்னொரு லாபம். பழைய காலத்தில் முயல் வளைகள் நிறைந்த நிலங்களைக் காத்தவர்கள் இதைவிட நீளமானதை வைத்திருந்தார்கள். சிலவற்றில் காம்பின் மறுமுனையில் இரும்புக் கொக்கியும் இருக்கும்.

உடைவதென்றால் பெரும்பாலும் கழுத்தில்தான் உடையும். நெம்பும்போது வளைவு விசை அங்கேதான் உச்சம். காம்பைத் தாங்கும் உறை, தகட்டோடு ஒரே இரும்பில் அடித்துச் செய்யப்பட்டதா என்று திருப்பிப் பாருங்கள். மலிவான ஸ்பேடில் தகட்டை அச்சில் அழுத்தி, பின்பக்கத்தைச் சுருட்டி உறையாக்கியிருப்பார்கள்; பின்புறம் திறந்த பள்ளமாகத் தெரியும். அதில் மண் அடையும், கனமான நெம்பலில் கழுத்து மடங்கும். அடித்துச் செய்த தகடு கழுத்தருகே தடிமனாகத் தொடங்கி விளிம்பை நோக்கி மெலிந்துபோகும்.

காம்புக்கு ஆஷ் என்னும் ஐரோப்பிய மரம் பேர்பெற்றது. நெடுநேரான நார், அதிர்வை உள்வாங்கும் தன்மை, உடைவதற்குமுன் கீறல் ஒலியால் எச்சரிக்கும் குணம் எல்லாம் அதற்கு உண்டு. (2012இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய் இந்த மரங்களைத் தொடர்ந்து அழித்துவருவது பெரிய இழப்பு.) காம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்து, நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடுகிறதா என்று பாருங்கள். நடுவில் பக்கவாட்டில் வெளியேறும் நார், கழுத்தருகே முடிச்சு, இரண்டில் ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உருண்டைக் காம்பின் வலிமை விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் கூடுகிறது: 35 மி.மீ. காம்பை 38 ஆக்கினால் வலிமை 28 சதவீதம் அதிகம், எடை 18 சதவீதமே அதிகம். கைப்பிடி ஆங்கில டி (T) வடிவில் இருந்தால் கனமான கையுறையோடும் பிடிக்கலாம்.

மண்ணைப் பொறுத்தும் தகடு மாறும். நார்ஃபோக், சஃபோக் எல்லையிலுள்ள பிரெக்லாண்ட் போன்ற மணல் நிலத்தில் லேசாகக் குழிந்த தகடு வேண்டும். தட்டையானதில் மணல் தூக்குவதற்குள் வழிந்துவிடும். களிமண்ணில் நேரெதிர். ஈரக் களி குழிந்த தகட்டில் காற்றுப் புகாமல் ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் விழாது. அங்கே தட்டையானதை எடுத்து, எண்ணெய்த் துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும். தென் இங்கிலாந்தின் சுண்ணக்கல் மேடுகளில் மண்ணுக்குள் சிக்கிமுக்கிக் கற்கள் கிடக்கும். கூரான விளிம்பு ஒரே மிதியில் பல்லிளித்துவிடும்.

விளிம்பைத் தட்டையான அரத்தால், ஒரு பக்கம் மட்டும், 40 பாகை அளவுக்கு ராவினால் போதும். கல் நிலத்தில் இன்னும் மொக்கையாக விடலாம். நுனி நேராகவோ மெல்ல வளைந்தோ இருக்கட்டும், கூம்பு வேண்டாம். கூர்நுனி வேருக்குள் நன்றாக இறங்கும் என்பது உண்மையே. ஆனால் சுரங்கத்தின் கூரையைத் துளைத்துக்கொண்டு முதலில் உள்ளே போவதும் அதுதான். வேலியோரத்து வேர்களுக்கு ஒரு சிறு மடக்குவாளைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பேடால் வேரை அடித்து வெட்டுவது காம்புக்குக் கேடு.

ஃபெரெட் எங்கே இருக்கிறது என்பதைக் அதன் கழுத்துப்பட்டையில் உள்ள, காந்தச் சைகை அனுப்பும் சிறு கருவி சொல்லும். அந்தக் கருவியின் காந்தப்புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் மங்குகிறது. தூரம் பாதியானால் சைகை எட்டு மடங்கு. அதனால்தான் சைகையைப் பிடிக்கும், கையிலுள்ள பெட்டியைக் கொண்டு இடத்தை இவ்வளவு துல்லியமாகக் குறிக்க முடிகிறது. புலம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் பரவாது என்பதால், பெட்டியைக் கால் வட்டம் திருப்பி மறுபடி பார்த்தபின்தான் அடையாளக் குச்சி நட வேண்டும். பத்து நிமிடம் சைகை நகரவில்லை என்றால் தோண்டலாம்.

முதலில் புல்லைத் துண்டாக வெட்டி ஓரமாக வையுங்கள். குச்சிக்கு நேர் மேலே தோண்டாமல், ஒரு சாண் தள்ளிக் குழியை இறக்குங்கள். சுரங்கத்தைப் பக்கத்திலிருந்து திறப்பதே நோக்கம். 30 செ.மீ.க்கு ஒருமுறை நிறுத்திப் பெட்டியால் ஆழத்தைச் சரிபாருங்கள், ஃபெரெட் நகர்ந்திருக்கலாம். இன்னும் 20 செ.மீ. என்று காட்டியதும் காலை ஸ்பேடிலிருந்து எடுத்துவிட வேண்டும். இனி மிதி இல்லை. ஒரு கையைக் காம்பின் கீழ்ப்பகுதியில், தகட்டுக்கு மேலே பிடித்து, சீவுவதுபோல் மெல்லிய அடுக்காக மண்ணை எடுங்கள். கீழே வெற்றிடம் வந்ததும் சத்தம் மாறும். சுரண்டல் ஒலி பானையைத் தட்டியதுபோல் ஆகும். அங்கே ஸ்பேடை வெளியே வைத்துவிட்டு, குழியின் அடியில் உதிர்ந்த மண்ணையெல்லாம் கையால் அள்ளிவிடுங்கள். அள்ளாமல் உடைத்தால் அந்த மண் சுரங்கத்துக்குள் சரிந்து ஃபெரெட்டின் மூச்சை அடைக்கும். பிறகு விரல்களால் பக்கச் சுவரில் ஒரு ஓட்டை. பெரும்பாலும் முதலில் தென்படுவது முயலின் ரோமமோ ஃபெரெட்டின் வாலோதான்.

தோண்டும் முன் வளை யாருடையது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பேட்ஜர் என்னும் வளைக்கரடியின் பொந்தும் அதே மேட்டில் இருக்கலாம். முயல்கள் அதற்குள்ளேயே குடியேறுவதும் உண்டு. 25 செ.மீ.க்கு மேல் அகலமாக, படுக்க வைத்த ஆங்கில டி (D) எழுத்துபோல் தட்டையான அடியுடன் வாய் இருந்தால் ஃபெரெட்டை இறக்கவே கூடாது. 1992ஆம் ஆண்டின் பேட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் பொந்தைச் சிதைப்பது குற்றம்.

குழியை அப்படியே விட்டுப்போனால் மறுநாள் மாட்டுக்கோ குதிரைக்கோ கால் முறியும். சுரங்கத்தின் திறந்த வாய்க்கு முதலில் கல்லோ புல்கட்டியோ வைத்து அடைத்து, 15 செ.மீ. உயரத்துக்கு மண் போட்டு மிதித்து, மறுபடி போட்டு மிதித்து நிரப்புங்கள். மொத்தமாகத் தள்ளினால் மழைக்குப்பின் அமுங்கிப் பள்ளமாகும். கடைசியாக, வெட்டி வைத்த புல்லை மேலே பொருத்தி, ஸ்பேடின் முதுகால் தட்டிவிடுங்கள்.