மழலை: பேச்சின் பெயரா, பருவத்தின் பெயரா?

‘மழலையர் பள்ளி’ என்ற பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். உள்ளே இருப்பது மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள். பக்கத்தில் இருப்பவன் பென்சிலை எடுத்துக்கொண்டான் என்று டீச்சரிடம் கோள் சொல்லும் அளவுக்குப் பேசத் தெரிந்தவர்கள். மழலை என்றால் திருந்தாத பேச்சு என்று அகராதி சொல்கிறது. பிறகு இவர்கள் எப்படி மழலையர்?

விடை தொல்காப்பியத்தில் இருக்கிறது. ‘மழவும் குழவும் இளமைப் பொருள’ என்பது உரியியல் நூற்பா. மழவு என்றாலும் குழவு என்றாலும் இளமைதான். குழவிலிருந்து குழவி, குழந்தை. மழவிலிருந்து மழலை. இளம் யானை மழகளிறு, இளங்காளை மழவிடை. ஆக, சொல்லின் அடியில் பேச்சே இல்லை, வயதுதான் இருக்கிறது. இளமையின் பெயர் இளம்பேச்சுக்கு ஆகி, அந்தப் பேச்சைப் பேசுகிறவர்களுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

மற்ற மொழிகள் இதை வேறு விதமாகப் பார்த்திருக்கின்றன. லத்தீனில் ‘இன்ஃபன்ஸ்’ என்றால் பேசாதது; ஆங்கிலத்தின் ‘இன்ஃபன்ட்’ அங்கிருந்து வந்தது. பேச்சு இல்லாததை வைத்துக் குழந்தைக்குப் பெயர். நாமோ குழந்தைமையை வைத்துப் பேச்சுக்குப் பெயரிட்டோம். குழந்தை மழலை பேசுவதைச் சொல்லும் ஆங்கிலத்தின் ‘பாபிள்’ பா, பா என்ற ஒலியைப் போலச் செய்த சொல். மனிதர்களின் மொழி குழம்பிப்போனதாகச் சொல்லும் பைபிளின் பாபேல் கோபுரத்திலிருந்து வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சொல்லாய்வாளர்கள் அப்படி ஒரு நேரடித் தொடர்பைக் காணவில்லை.

பழைய தமிழில் மழலை குழந்தைகளுக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியின் பேச்சை ‘மழலைக் கிளவி’ என்கிறான். குழலையும் யாழையும் அமிழ்தையும் குழைத்த கிளவியாம். அதே காப்பியத்தில் முல்லையில் வாய்வைத்து ஊதும் வண்டு ‘மழலைத் தும்பி’. மென்மையாக, தெளிவில்லாமல், இனிமையாக ஒலிப்பது எல்லாமே மழலைதான். கிளி மிழற்றுகிறது என்பதிலுள்ள மிழற்றுதலையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

குழந்தையின் மழலை என்றால் எல்லாரும் எடுப்பது ‘குழல்இனிது யாழ்இனிது’ குறளைத்தான். எனக்கு அதைவிடப் பிடித்தது புறநானூற்றின் 92ஆம் பாட்டு. அதியமான் நெடுமான் அஞ்சியிடம் ஔவையார் சொல்கிறார்: ‘யாழொடும் கொள்ளா பொழுதொடும் புணரா, பொருளறி வாரா ஆயினும் தந்தையர்க்கு அருள்வந் தனவால் புதல்வர்தம் மழலை.’ யாழோடு ஒத்து வராது, காலத்தோடு பொருந்தாது, பொருளும் விளங்காது. ஆனாலும் தகப்பனுக்கு அருள் சுரக்கும். என் வாய்ச்சொல்லும் அப்படித்தான் என்று முடிக்கிறார். வள்ளுவர் யாழைவிட இனிது என்றதை, ஔவை யாழோடு சேராது என்கிறார். மழலையைக் கூர்ந்து கேட்டவர் ஔவைதான் என்பது என் கட்சி. ‘பொருளறி வாரா’ என்ற இரண்டு சொல்லைத்தான் இன்றைய மொழியியலாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

அவர்கள் சொல்வதையும் கேட்போம். பிறந்த குழந்தைக்குக் குரல்வளை உயரத்தில் இருக்கிறது, வாயை நாக்கே நிறைத்துக்கொள்கிறது. இரண்டு, மூன்று மாதத்தில் மல்லாந்து கிடக்கும் பிள்ளை ஒலி எழுப்பினால் நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தில் ஒட்டி ‘ங்கா’, ‘க்கூ’ என்று வரும். நம் வீடுகளில் ‘உங்கு சொல்லு, உங்கு சொல்லு’ என்று கொஞ்சுவது இந்தப் பருவத்தில்தான். பாலுக்கே ‘இங்கா’ என்று பெயர் வைத்துவிட்டோம். தமிழில் ஙகரம் சொல்லுக்கு முதலில் வராது. நன்னூல் ‘ஙனம்’ ஒன்றுக்கு மட்டும், அதுவும் அங்ஙனம், எங்ஙனம் என்பதுபோலச் சுட்டோ வினாவோ முன்னால் நின்றால்தான், இடம் கொடுக்கிறது. பிள்ளை தொடங்குவதோ அந்த எழுத்தில்.

ஆறு முதல் பத்து மாதத்துக்குள் தாடை மேலும் கீழும் அசைய, உதடு மூடித் திறக்க, ‘பாபாபா’, ‘மாமாமா’, ‘தாதாதா’ வருகிறது. சரியான மழலை இதுதான். இதற்குக் காது வேண்டும். கேட்கும் திறன் குறைந்த பிள்ளைகளிடம் இந்த அடுக்கொலி தாமதமாகும். பத்து மாதமாகியும் வரவில்லை என்றால் செவியைச் சோதிக்கச் சொல்வது அதனால்தான். சைகை மொழி பேசும் வீட்டில் வளரும் காது கேளாத குழந்தைகள் கையாலேயே மழலை பேசுகின்றன என்று 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அசைகளை அடுக்குவதுபோல விரல் வடிவங்களை அடுக்குகின்றன.

‘அம்மா’, ‘அப்பா’ உலகமெங்கும் ஒன்றுபோல இருப்பதைக் காட்டி, பார்த்தீர்களா, எல்லாம் தமிழிலிருந்து போனது என்று வாட்ஸாப்பில் வரும் செய்தியை எல்லாரும் பார்த்திருப்போம். ஜார்ஜ் மர்டாக் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தாய், தந்தையைக் குறிக்கும் 1,072 சொற்களை உலக மொழிகளிலிருந்து திரட்டினார். தாய்ச் சொற்களில் மகரம் போன்ற மூக்கொலிகளும் தந்தைச் சொற்களில் பகர, தகரங்களும் மிகுந்து வந்தன. மொழியியலாளர் ரோமன் யாகப்சன் அதற்குக் காரணம் சொன்னார்: வாயில் முலை இருக்கும்போது குழந்தையால் மூக்கு வழியாக மட்டுமே முனக முடியும், அந்த முனகலே பாலுக்கும், பால் தருகிறவளுக்கும் பெயராகிவிடுகிறது. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. குழந்தையின் வாய் எல்லா ஊரிலும் ஒன்றுதான். விதிவிலக்கும் உண்டு. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, ‘தேதா’ என்றால் அம்மா.

நம்மிடம் மாமா தாய்மாமன். பிள்ளை வாயில் எந்த ஒலி வந்தாலும் அதைத் தன் பெயராக்கிக்கொள்ள ஓர் உறவு காத்திருக்கிறது. தாதாதா என்றால் தாத்தா ‘என்னைத்தான்’ என்பார். மாமாமா என்றால் மாமா மார்தட்டுவார். அக்கா என்று ஒலித்துவிட்டால் மூத்தவள் ஊரையே கூட்டுவாள். ஒலி பிள்ளையுடையது. பொருள் நாம் வைப்பது. மம்மு, பாச்சி, தாச்சி என்ற வீட்டுச் சொற்களும் அந்த ஒலிகளை நாம் எடுத்து, பொருளேற்றித் திருப்பிக் கொடுத்தவைதான்.

இனி, பாபாபா என்ற அடுக்கொலிக்கு ஆங்கிலம் சொல்லும் ‘பாப்ளிங்’ என்பதற்குத் தமிழ் என்ன? அகராதிகள் சில உளறல், பிதற்றல் என்கின்றன. இரண்டும் குடித்தவனுக்கும் காய்ச்சல்காரனுக்கும் ஆகும்; பிள்ளைக்கு ஆகாது. உளறுகிறவன் மொழியைத் தவறவிட்டவன், குழந்தை இன்னும் மொழிக்கு வந்தே சேரவில்லை. மழலை என்று சொன்னால் போதும். கூடவே குதலை என்ற சொல் இருக்கிறது. குறளின் ‘மழலைச் சொல்’லுக்குப் பரிமேலழகர் ‘குதலைச் சொற்கள்’ என்றே உரை எழுதினார், அவருக்கு இரண்டும் ஒன்று. இன்று நமக்கு இரண்டு தேவை இருப்பதால் பிரித்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை: பொருளில்லாத அடுக்கொலிக்கு மழலை, ‘சக்கரை’யைத் ‘தக்கலை’ என்று சொல்லும் இரண்டு வயதுப் பேச்சுக்குக் குதலை. மழலைக்கும் முந்தைய ‘ங்கா’, ‘க்கூ’ ஒலியை ஆங்கிலத்தில் ‘கூயிங்’ என்கிறார்கள்; அதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. ‘பிள்ளை உங்கு சொல்கிறது’ என்றால் எந்தப் பாட்டிக்கும் புரியும்.

ஒன்று மட்டும் வேடிக்கை. மழலை, குழவி, குழந்தை மூன்றிலும் ழகரம் இருக்கிறது. பிள்ளைகளின் நாக்குக்குக் கடைசியாக வசப்படும் எழுத்துகளில் அது ஒன்று. பலகைக்கு உள்ளே இருக்கும் அந்தக் கோள்மூட்டிகளை எந்தப் பள்ளி என்று கேட்டுப் பாருங்கள். ‘மலலையர் பள்ளி’ என்பார்கள்.