கேடிஎம் எண்டா தரமா?

கொழும்பு செட்டியார் தெருவுல நகைக்கடைக்குப் போனா "இது கேடிஎம்" எண்டு பெருமையா சொல்லுவாங்க, நாங்களும் ஏதோ தங்கத்தோட தரம் எண்டு தலையாட்டிட்டு வந்திடுவம். தரமே இல்ல. கட்மியம் எண்ட உலோகத்தோட பேர் சுருங்கித்தான் கேடிஎம் ஆச்சு, நகையை எதால ஒட்டினது எண்டத மட்டும்தான் அது சொல்லுது.

கட்மியத்துக்கு மூலம் கிரேக்கம், தீப்ஸ் நகரத்தை உண்டாக்கினதா கதையில வாற காட்மஸோட பேரை ஒரு நாகத் தாதுக்கு வச்சிருந்தாங்க (இந்த நாகம் பாம்பில்ல, சிங்க்). 1817ல ஜெர்மனியில ஸ்ட்ரோமேயர் எண்ட இரசாயனவியலாளர் நாகக் கார்பனேட்டுக்குள்ள புது உலோகத்தைக் கண்டுபிடிக்க, அந்தப் பேரே அதுக்கும் வந்திட்டுது. இதுக்கெண்டு புதுசா தமிழ்ச்சொல் செய்யத் தேவையில்ல எண்டுதான் நான் நினைக்கிறன். ஆனா ஒட்டுற பொருளுக்கு எங்கட்ட நல்ல சொல்லே இருக்கு: பற்றாசு. நகை செய்யிற பத்தர்மார் இதைப் பொடி எண்டு சொல்லுவாங்க. ஒருத்தர் பொடி வச்சுக் கதைக்கிறார் எண்டுறமே, அந்தப் பொடியும் இதுதான் எண்டு சொல்லுவாங்க. ஆக கேடிஎம் எண்டா கட்மியப் பற்றாசு.

முந்தி செம்பு கூடின பொடியால ஒட்டினா, நகையை உருக்கும்போது மாத்து குறையும். 92 பங்கு தங்கமும் 8 பங்கு கட்மியமும் சேர்ந்த பொடியில அந்தப் பிரச்சினை இல்ல, அதால எல்லாரும் அதுக்கு மாறினாங்க. வினை என்னெண்டா கட்மியம் 767 பாகை செல்சியஸிலயே கொதிச்சு ஆவியாகிடும், ஊதுற நெருப்பு அதைவிட எவ்வளவோ சூடு, ஆவி காத்தோட சேர்ந்து கட்மியம் ஒட்சைட்டுப் புகையாகி நேரா பத்தரோட நெஞ்சுக்குள்ள போகும். நகை போடுறவங்களுக்கு இல்ல, செய்யிறவருக்குத்தான் ஆபத்து. அந்த நேரம் பெருசா ஒண்டும் தெரியாது, சில மணித்தியாலம் கழிச்சுத்தான் காய்ச்சல், இருமல், நெஞ்சடைப்பு வரும், சாதாரண தடிமன் எண்டு பனடோல் போட்டுட்டுப் படுத்தா நுரையீரல் வீங்கி உயிரே போகலாம். கொஞ்சம் கொஞ்சமா போறது கிட்னியில 10, 20 வருஷத்துக்கு மேலயும் தங்கும். புற்றுநோய் வரப்பண்ணும் எண்டதும் உறுதியானது.

துணி மாஸ்க், சேர்ஜிக்கல் மாஸ்க் எல்லாம் இந்தப் புகைக்குச் சும்மா. நெருப்புக்குப் பக்கத்துலயே புகையை இழுத்து வெளிய தள்ளுற ஃபேன் வேணும், அந்த மேசையில தேத்தண்ணி, சிகரெட் கூடாது, தூசியைக் கூட்டாம ஈரத்துணியால துடைக்கோணும், வேலை உடுப்பை வீட்டு உடுப்போட தோய்க்கக் கூடாது. இதெல்லாத்தையும் விட லேசான வழி கட்மியமே இல்லாத பொடி, நாகமோ இந்தியம் (indium) எண்ட உலோகமோ சேர்த்தது கிடைக்குது.