எட்டுக் குரல்களுக்கு அடியில் ஓர் ஆர்கன்

1729 அக்டோபரில் லைப்சிக் நகரின் தோமஸ் பள்ளித் தலைவர் எர்னெஸ்டி இறந்தபோது, அவருடைய இறுதிச் சடங்குக்காக ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் ஒரு மோட்டட், அதாவது பல குரல்கள் சேர்ந்து பாடும் பக்திப் பாடல், எழுதினார். ஆவியானவர் நம் பலவீனத்தில் உதவுகிறார் என்கிற ரோமர் நிருப வசனம்தான் பாட்டு. நான்கு நான்கு குரலாக இரண்டு பாடகர் குழுக்கள், ஒன்று பாட மற்றது பதில் பாடும், முதல் குழுவோடு வயலின் வகைக் கருவிகளும் இரண்டாவதோடு ஓபோ, பஸ்ஸூன் என்ற ஊதுகருவிகளும் அதே சுரங்களை வாசிக்கும். இவர்கள் அத்தனை பேருக்கும் அடியில் ஓர் ஆர்கன், காற்றைக் குழாய்களில் செலுத்தி ஒலிக்கும் கட்டைக் கருவி, ஓடிக்கொண்டிருக்கிறது. காது கொடுக்காவிட்டால் அது இருப்பதே தெரியாது, நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

ஆர்கன்காரருக்கு பாக் முழு இசையையும் எழுதிக் கொடுக்கவில்லை. கீழ்ச் சுரங்கள் ஒரே வரியாக, அதோடு சில எண்கள், அவ்வளவுதான். எண் இல்லையென்றால் அந்தச் சுரத்திலிருந்து எண்ணி மூன்றாவதையும் ஐந்தாவதையும் சேர்த்து அழுத்த வேண்டும், 6 என்று இருந்தால் மூன்றாவதும் ஆறாவதும். கையை எங்கே வைப்பது, எத்தனை சுரம் போதும் என்பதையெல்லாம் வாசிப்பவர் அந்த நொடியில் முடிவு செய்வார்.

சரி, இதற்கு ஆர்கன் எதற்கு? துணையில்லாமல் பாடும் குழு பாடப் பாட, தனக்கே தெரியாமல் சுருதி இறங்கிவிடும். ஆர்கன் குழாய் அப்படி நழுவாது, ஏனென்றால் அதன் சுருதியைத் தீர்மானிப்பது குழாயின் நீளம். எட்டு அடித் திறந்த குழாய் தரும் சுரத்தை, மேல் முனையை அடைத்துவிட்டால் சுமார் நான்கு அடியிலேயே பெறலாம். இந்த மூடிய வகைக்கு கெடாக்ட் என்று பெயர். அதில் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 3, 5 மடங்குகள் ஒலிக்கும், 2, 4 மடங்குகள் மிகவும் மங்கிவிடும், அதனால் நாதம் மிருதுவாக, உருண்டையாக இருக்கும். 'ஸ்', 'ட்' மாதிரி எழுத்துகள் உயர்ந்த அதிர்வெண்களில்தான் தெளிவாகின்றன, கெடாக்ட் அங்கே போய் மோதாது. பாடகர்களுக்குப் பிடிமானமும் கிடைக்கிறது, சொல்லும் மறையவில்லை.

அப்புறம், நீளம்தான் சுருதி என்பதால் ஒரு சிக்கலும் வந்தது. லைப்சிக் தேவாலய ஆர்கன்கள் மற்றக் கருவிகளைவிட ஒரு முழுச் சுரம் உயரத்தில் இருந்தன. வயலின் என்றால் முறுக்காணியைத் திருகிவிடலாம், நிறுவிய குழாய்களை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வெட்டி ஒட்ட முடியுமா? பாக் ஆர்கன்காரரின் இசைத்தாளை மாற்றினார். பாடகர்கள் கையில் இருக்கும் தாள் பி-ஃபிளாட் என்ற சுரத்தை ஆதாரமாக வைத்து எழுதியது, ஆர்கன்காரர் கையில் இருப்பது ஒரு முழுச் சுரம் கீழே, ஏ-ஃபிளாட்டில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரோ தப்பாகப் படியெடுத்தது மாதிரி இருக்கும். தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்பது ஒரே சுருதி.