அப்பா இல்லாத ஆண் தேனீ

ஆண் தேனீக்கு அப்பா கிடையாது. தாத்தா உண்டு, அதுவும் அம்மாவைப் பெற்ற தாத்தா மட்டும்.

ராணித் தேனீ முட்டையிடும் முன் அறைக்குள் தலையை நுழைத்து, முன்னங்கால்களால் அதன் அகலத்தை அளந்து பார்க்கிறது. இளமையில் வெளியே பறந்து இணைசேர்ந்தபோது பெற்ற விந்தணுக்களை வயிற்றில் ஒரு சின்னப் பையில் வருடக்கணக்கில் வைத்திருக்கும். அறை சிறியதென்றால் பையைத் திறந்து முட்டையின் மேல் கொஞ்சம் விடும். கருவுற்ற அந்த முட்டை பெண்ணாகும். அகலமான அறை என்றால் பை திறக்காது. கருவுறாத முட்டை வீணாவதில்லை, ஆணாகப் பிறக்கிறது. பெண்ணுக்கு 32 குரோமோசோம், ஆணுக்கு 16. குரோமோசோம் என்று ஒன்று இருப்பதே தெரியாத 1845-இல், ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து வருகிறது என்று எழுதியவர் யான் ஜெர்சோன், தேனீ வளர்த்த ஒரு பாதிரியார்.

சரி, பாதி இருந்தால் ஆண், முழுசாக இருந்தால் பெண் என்று முடிவுகட்டிவிடலாமா? முடியாது. 2003-இல் மார்ட்டின் பேயேவும் அவர் குழுவினரும் சி.எஸ்.டி. என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். இதற்குப் பல வடிவங்கள் உண்டு. வெவ்வேறான இரண்டு சேர்ந்தால்தான் பெண். ராணி நெருங்கிய உறவு ஆணோடு இணைசேர்ந்து, இரண்டும் ஒரே வடிவமாக அமைந்துவிட்டால் 32 குரோமோசோம் இருந்தும் அந்த முட்டை ஆண்தான். அந்தப் புழு வெளிவந்த சில மணி நேரத்தில் வேலைக்காரத் தேனீக்கள் அதைத் தின்றுவிடும். பெட்டியிலிருந்து அடையைத் தூக்கிப் பார்த்தால், மூடிய அறைகளுக்கு நடுவே ஆங்காங்கே காலி அறைகள் தெரியும். நோயாலும் அப்படி ஆகலாம். ஆனால் வெளியிலிருந்து புது ராணியே வராத பண்ணை என்றால் உறவுக் கலப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ராணி பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு இணைசேர்வது இந்த நட்டத்தைக் குறைக்கிறது.

எக்ஸ்-எக்ஸ் பெண், எக்ஸ்-ஒய் ஆண் என்று நாம் பள்ளியில் படித்ததும் பூச்சியிலிருந்து வந்த பாடம்தான். நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி மாவுப்புழு வண்டின் செல்களை நுண்ணோக்கியில் பார்த்து எண்ணினார். பெண்ணில் 20 பெரிய குரோமோசோம்கள். ஆணில் 19 பெரியவை, ஒன்று மட்டும் குட்டி. 1905-இல் அதை வெளியிட்டார். அந்தக் குட்டிதான் ஒய்.

ஆனால் எல்லாப் பூச்சியும் அந்தப் பாடத்துக்குக் கட்டுப்படவில்லை. ஆண் வெட்டுக்கிளிக்கு ஒய்யே கிடையாது, ஒற்றை எக்ஸ் மட்டும். பழ ஈக்கு ஒய் இருக்கிறது, ஆனால் ஆணா பெண்ணா என்பதில் அதற்குப் பேச்சே இல்லை. எத்தனை எக்ஸ் என்பதுதான் கணக்கு. எக்ஸ்-எக்ஸ்-ஒய் என்று அமைந்தால் மனிதரில் ஆண், பழ ஈயில் பெண். ஒய் இல்லாமல் ஓர் எக்ஸ் மட்டும் உள்ள பழ ஈ ஆண்தான், என்ன, மலடாக இருக்கும். பட்டுப்பூச்சியில் கதை தலைகீழ்: அங்கே இரு வேறு குரோமோசோம்கள், இசட்டும் டபிள்யூவும், பெண்ணிடம்தான். டபிள்யூவில் பெண்ணாக்கும் புரதம் எதையோ எதிர்பார்த்துத் தேடினால், 2014-இல் கிடைத்தது ஒரு துக்கடா ஆர்.என்.ஏ. (டி.என்.ஏ.விலிருந்து செல் எடுக்கும் நகல்).

தொடக்கம் இப்படி ஆளுக்கொரு விதம். ஆனால் தேனீ, பழ ஈ, பட்டுப்பூச்சி எல்லாவற்றிலும் வேலை போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: டபுள்செக்ஸ் என்ற மரபணு. அதன் ஆர்.என்.ஏ. ஆணில் ஒரு மாதிரியும் பெண்ணில் வேறு மாதிரியும் வெட்டி ஒட்டப்படுகிறது. அதற்கேற்ப உடல் அமைகிறது.

நமக்கு இருப்பதுபோல் உடம்பு முழுக்க ஓடிப் பாலினத்தை நிர்ணயிக்கும் ஹார்மோன் பூச்சிகளில் பெரும்பாலும் இல்லை; ஒவ்வொரு செல்லும் தானே முடிவெடுக்கிறது. அதனால்தான், பெண் பழ ஈயின் கரு முதல்முறை பிரியும்போதே ஒரு செல் ஓர் எக்ஸைத் தவறவிட்டால், வளரும் ஈயில் ஒரு பக்கம் ஆண், மறுபக்கம் பெண். ஆய்வகத்தில் தகுந்த ஜோடியைக் கலந்து வளர்த்தால் ஆண் பக்கக் கண் வெள்ளையாகவும் பெண் பக்கக் கண் சிவப்பாகவும் ஒரே தலையில் இருப்பதைப் பார்க்கலாம்.