லீட் சிங்கர்: முன்னணியா, முதன்மையா?

ராக் குழுவில் பாட்டின் முதன்மைக் குரல்வரியைப் பாடுபவர் லீட் சிங்கர். இதைப் பலரும் ‘முன்னணிப் பாடகர்’ என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் அப்படிச் சொன்னால் புகழில் முந்தி நிற்பவர் என்றுதான் படும். நேற்றுத் தொடங்கிய குழுவிலும் லீட் சிங்கர் உண்டு; அவர் முன்னணிப் பாடகர் ஆகிவிட மாட்டார்.

‘லீட்’ என்பதற்கு மூலம் பழைய ஆங்கில வினை. இட்டுச்செல், வழிநடத்து என்று பொருள். அதற்காகத் ‘தலைமைப் பாடகர்’ என்பதும் பிசகு. இங்கே சொல் சுட்டுவது அதிகாரத்தை அன்று, கேட்பவர் காது பின்தொடரும் இசைவரியை. லீட் கிட்டாரும் அப்படித்தான். அயர்ன் மெய்டன் குழுவை 1975இல் தொடங்கியவர் பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ். பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1981இல் சேர்ந்தார், 1993இல் விலகினார், 1999இல் திரும்பினார். கடிவாளம் என்னவோ ஹாரிஸ் கையில்தான்.

ஆகவே ‘முதன்மைப் பாடகர்’. பெண்ணானால் ‘முதன்மைப் பாடகி’.

ஃபிரன்ட்மேன் வேறு சொல். ‘ஃபிரன்ட்’ லத்தீனில் நெற்றியைக் குறித்த சொல்லின் வழிவந்தது. கூட்டத்தோடு பேசி, குழுவின் முகமாக நிற்பவர் இவர். ‘முகப்புக் கலைஞர்’ எனலாம். பெரும்பாலும் பாடகரே இதையும் செய்வதால் இரண்டும் குழம்புகின்றன. ஜெனிசிஸ் குழுவிலிருந்து 1975இல் பாடகர் பீட்டர் கேப்ரியல் விலகியதும், டிரம்ஸ் வாசித்த ஃபில் காலின்ஸ் முதன்மைப் பாடகரானார். 1976 சுற்றுப்பயணத்துக்கு டிரம்ஸில் பில் புரூஃபோர்டை அமர்த்தினார்கள். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தும் பாடலாம். அங்கிருந்து கூட்டத்தைக் கட்டியிழுப்பதுதான் பெரும்பாடு.

பெரிய பொறி ‘பேக்கிங் வோக்கலிஸ்ட்’, அதாவது முதன்மைக் குரலுக்குத் துணையாகப் பாடுபவர். ‘பின்னணிப் பாடகர்’ என்று பெயர்த்தால் அவர் சினிமாவில் நடிகருக்குக் குரல் கொடுப்பவராகிவிடுவார். ‘துணைக்குரல் பாடகர்’ பொருந்தும். ‘பின்பாட்டு’ நல்ல பழஞ்சொல்தான், ஆனால் ஆமாம்சாமி போடுவது என்ற கேலி அதில் ஒட்டிக்கொண்டது. ஒலிக்கலவையில் பொதுவாக முதன்மைக் குரல் நடுவில், சற்றே உரக்க இருக்கும். துணைக்குரல்களை இடவலமாகப் பரப்புவார்கள்.

ஆல்பம் விவரங்களைப் பெயர்க்கும்போது இன்னொன்று: குயீன் குழுவின் முதன்மைப் பாடகர் ஃபிரெடி மெர்குரி. ஆனால் சில பாட்டுகளில் அதே குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே, டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லர் ஆகியோரே முதன்மையாகப் பாடியிருக்கிறார்கள். அங்கே ‘முதன்மைப் பாடகர்: ரோஜர் டெய்லர்’ என்று போட்டால் மெர்குரியின் இடம் பறிபோனதுபோலத் தோன்றும், ‘முதன்மைக் குரல்: ரோஜர் டெய்லர்’ என்று எழுத வேண்டும்.